செயலாளரின் ஆண்டறிக்கை: மீன் பாருக்குப் போகும் வழியும் போகக்கூடாத மாதமும்

தலைவர் அவர்களே, மூத்தோர்களே, கடல் தொழிலுக்குப் போகாமல் இன்று பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். பெரியவர்களின் கடலறிவை எழுதிவைத்து, அதை இன்றைய கருவிகளோடு சேர்த்துப் பயன்படுத்துவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஆண்டு முழுவதும் அந்த ஒரு வேலையில்தான் அதிகம் உழைத்தோம் என்பதால் அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

பெரியவர்களைப் படகில் அழைத்துப்போய், அவர்கள் காட்டும் பாரை, அதாவது கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டை, ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது என்றுதான் தொடங்கினோம். தொடக்கப் பயணம் ஒன்றிலேயே ஒரு மூத்தவர் கேட்டார்: "இடத்தக் குறிச்சிட்ட, சரி. எந்த மாசம் அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கக்கூடாதுன்னு யாருப்பா குறிக்கிறது?" அப்போது எங்களிடம் பதில் இல்லை. அவருடைய தகப்பனார் பாரைக் காட்டிக்கொடுத்தபோது, எந்தப் பிறையில் மீன் அங்கே முட்டையிடக் கூடும், எந்த நீரோட்டத்தில் வலை பாறையில் சிக்கிக் கிழியும், எத்தனை நாள் அந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதையும் கூடவே சொல்லியிருக்கிறார். கருவியோ இடத்தை மட்டும்தான் சொல்லும்.

அடுத்து நடந்ததை மறைக்க விரும்பவில்லை. நாம் குறித்த இடங்கள் செல்போன் வழியாகக் கைமாறின. ஒரு பாரில் சில வாரங்களுக்குள் படகுகள் மொய்த்துவிட்டன. பட்டியல் யார் கையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்யாதது என் தவறு. நம்பிச் சொன்ன பெரியவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்? பாறைகளில் வாழும் களவா மீன் வகைகள் பல, ஆண்டுக்கொரு முறை குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பிறை நாட்களில் கூட்டமாகக் கூடி முட்டையிடுபவை. அவற்றில் பெரும்பாலானவை பெண்ணாகப் பிறந்து, வளர்ந்தபின் ஆணாக மாறுபவை. பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்தால் ஆண் மீன் அற்றுப்போகும். அந்தச் சில இரவுகளில் இடம் தெரிந்த ஒரு சில படகுகள் போதும், கூட்டத்தையே துடைத்தெடுக்க. 1970களில் பசிபிக் பெருங்கடலின் பலாவ் தீவுகளுக்குப் போன உயிரியலாளர் ராபர்ட் ஜொஹான்னஸ், எந்த மீன் எந்தப் பிறையில் கூடும் என்பதை அங்குள்ள மீனவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். மீன்பிடியை நிறுத்திவைக்கும் 'புல்' என்ற தடையும் அவர்களுடைய மரபில் முன்பே இருந்தது.

மாதக் கூட்டங்களில் வேறு கடல்களின் கதைகளையும் பேசினோம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், காட் மீன் குறைகிறது, சிறுத்துப்போகிறது என்று கரையோர மீனவர்கள் 1980களிலேயே சொன்னார்கள். ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் கணக்கு வேறு மாதிரி இருந்ததால் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. 1992இல் அந்த மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. அலாஸ்காவில் நடந்தது இதற்கு எதிர்மாறு. ஆர்க்டிக் கடலில் வாழும் போஹெட் திமிங்கிலம் மிகவும் அருகிவிட்டது என்று 1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வேட்டைக்குத் தடை போட்டது. பனிக்கு அடியிலும் அவை போகின்றன, பனி விளிம்பில் நின்று எண்ணினால் கணக்கு வராது என்றார்கள் அங்குள்ள பூர்வகுடிகளான இனுப்பியாட் மக்கள். பிறகு நீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதே சரியாக இருந்தது. அனுபவத்தால் தெரிந்ததைக் கருவி மெய்ப்பித்த இந்தக் கதையை நம் இளைஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.

நம் பெரியவர்களின் கணக்கும் எல்லா நேரமும் பொருந்துவதில்லை. "முன்ன மாதிரி இல்ல, காத்தும் தண்ணியும் மாறிப்போச்சு" என்று அவர்களே சொல்கிறார்கள். அதனால்தான் படகுகளுக்கு வெப்பமானியும் குறிப்பேடும் கொடுத்தோம். செயற்கைக்கோள் தகவல் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரிலுள்ள நுண்பாசியின் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடத்தைக் கணிக்கிறது. மேகம் மூடினால் அதற்குக் கண் தெரியாது. அடித்தரையின் சேறும் மணலும், பறவை இறங்கும் விதமும், தண்ணீரின் நிறமும் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரே நாளுக்கு இரண்டையும் எழுதினால்தான் எது எங்கே தவறுகிறது என்று புரியும். குறிப்பேட்டைத் தவறாமல் எழுதியவர்கள் குறைவு. எழுதியவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

இன்னொரு குறை, பெண்களிடம் தாமதமாகத்தான் கேட்டோம். எந்த வாரத்தில் எந்த மீன் சினை வைக்கிறது என்பது மீனை அறுக்கும் கைகளுக்குத்தான் முதலில் தெரிகிறது. அவர்கள் சொன்ன நாட்களும் பெரியவர்கள் சொன்ன பிறைகளும் பல இடங்களில் ஒத்துப்போனதைக் கண்டு நாங்கள் வியந்துபோனோம். வரும் ஆண்டில் சினைக் குறிப்பேடு அவர்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று பரிந்துரைக்கிறேன்.

ஒரு பாரை மூடிவைத்துப் பார்க்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. பிஜியின் உதுனிவனுவா கிராமத்தார் 1997இல் தங்கள் மரபுத் தடையான 'தம்பு'வைப் போட்டு, சிப்பி எடுக்கும் 24 ஹெக்டேர் இடத்தை மூடினார்கள். பல்கலைக்கழகத்தாரிடம் கற்றுக்கொண்டு தாங்களே எண்ணினார்கள். மூடிய இடத்தில் மட்டுமல்ல, அடுத்த இடத்திலும் சிப்பி பெருகியது. தாங்களே எண்ணியதால்தான் தடை நிலைத்தது என்று நான் நினைக்கிறேன். பழவேற்காட்டு ஏரியின் பாடு முறையிலும் யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்பதை மீனவர்களே வகுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே இன்று மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். பார்களின் பட்டியல் மூத்தவர் ஒருவர், இளைஞர் ஒருவர், பெண் உறுப்பினர் ஒருவர் ஆகியோரின் கூட்டுப் பொறுப்பில் இருக்க வேண்டும். இடத்தைச் சொன்னவரின் ஒப்புதலின்றி அது வெளியே போகக்கூடாது. பெரியவர்கள் சொன்ன பிறை நாட்களில் களவாப் பாருக்கு நம் படகு எதுவும் போகக்கூடாது. மூடும் பார் எது என்பதை இன்றே முடிவுசெய்து, மூடுவதற்கு முன்பே அங்கே எண்ணத் தொடங்க வேண்டும்.

முதல் தீர்மானத்தை முன்மொழிய, பாரைக் காட்டிக்கொடுத்த பெரியவரையே அழைக்கிறேன்.

செயலாளர்