தடிப்பு வந்ததும் பென்சிலின் அலர்ஜி என்று எழுதிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். தொண்டை வலியோடு வரும் பிள்ளைகளில் சிலருக்கு வைரஸ், பாக்டீரியா இரண்டுமே ஒரே நேரத்தில் இருக்கும் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எப்ஸ்டீன் பார் என்று ஒரு வைரஸ், எச்சில் வழியாகப் பரவுவது. நம் ஊரில் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே வந்து, வந்த சுவடே தெரியாமல் போய்விடும். சில பிள்ளைகளைத்தான் படுக்கையில் போட்டுவிடும். டான்சில் வீங்கி வெள்ளை படிந்திருக்கும், கழுத்தில் பின்பக்கம் வரை நெறி கட்டும், காலையில் எழும்போது இமை இரண்டும் உப்பியிருக்கும், மண்ணீரலும் பெரிதாகலாம். ஃபைலில் இன்ஃபெக்‌ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ் என்று எழுதுவார்கள், பேச்சில் மோனோ.

அந்த வெள்ளையைப் பார்த்தால் பாக்டீரியா தொண்டைப் புண் மாதிரியே இருக்கும். உடனே அமாக்சிசிலின், பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக். பல வீடுகளில் டாக்டரிடம் போகாமல் மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். சில நாளில் நெஞ்சு, முதுகு, கை கால் எல்லாம் சிவந்து தடித்துவிடும். வீட்டில் பாட்டி அம்மை போட்டிருக்கிறது என்று மருந்தை நிறுத்தி வேப்பிலை செருகிவிடுவார், கிளினிக்கிலோ அட்டையின் மேல் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதிவிடுவார்கள். மோனோ இருக்கும்போது அமாக்சிசிலினோ அதே வகையான ஆம்பிசிலினோ கொடுத்தால் இப்படித் தடிப்பு வரலாம் என்பது 1960-களிலிருந்தே மருத்துவத்தில் தெரிந்த விஷயம், பெரும்பாலும் அது நிரந்தர அலர்ஜி இல்லை. ஆனால் அந்தச் சிவப்பு எழுத்து பிள்ளையோடு ஆயுசு முழுக்க வரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடுகிற குழந்தைகள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, வருடக்கணக்காகப் போட வேண்டியதே பென்சிலின் ஊசிதான். தேவையில்லாமல் அதை ஏன் மூடி வைக்க வேண்டும்?

சரி, மோனோ என்று தெரிந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக்கே வேண்டாமா? வைரஸுக்கு அது வேலை செய்யாது, உண்மைதான். ஆனால் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் சேர்ந்து இருந்தால் அதை விட்டுவிட முடியாது. நோயே தராமல் சும்மா தங்கியிருக்கும் கிருமியும் பரிசோதனையில் தென்படும் என்பதால், மருந்து வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வேண்டும் என்றால் அமாக்சிசிலினைத் தவிர்த்து சாதாரண பென்சிலின் மாத்திரையையே 10 நாள் முழுக்கக் கொடுக்கலாம், பாதியில் நிறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் என்றால் மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் இன்னும் பெரிய ஊசி போடுங்கள் என்று டாக்டரை நெருக்குவதை விட்டுவிட்டு, மோனோவாக இருக்குமா என்று கேளுங்கள். ரத்த அணுக்கள் பரிசோதனையில் வழக்கத்துக்கு மாறான லிம்ஃபோசைட் (ஒரு வகை வெள்ளை அணு) நிறைய இருந்தால் துப்பு கிடைத்துவிடும். நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மோனோவைச் சீக்கிரம் கண்டுபிடிக்க எடுக்கும் மோனோஸ்பாட் என்ற ரத்த டெஸ்டில் பல நேரம் பிடிபடாது, இந்த வைரஸுக்கான ஆன்டிபாடி டெஸ்ட்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, எச்சிலைக் கூட விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ, இடப்பக்க மேல் வயிறு திடீரென்று வலித்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். மண்ணீரல் கிழியும் ஆபத்து இருப்பதால் காய்ச்சல் விட்ட கையோடு பிள்ளையைக் கபடிக்கு அனுப்பாதீர்கள், நோய் ஆரம்பித்ததிலிருந்து குறைந்தது மூன்று வாரமாவது போகட்டும், அப்புறமும் டாக்டரைக் கேட்டுவிட்டே அனுப்புங்கள்.

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். அட்டையில் வெறுமனே அலர்ஜி என்று எழுதாமல், 'மோனோ இருந்தபோது அமாக்சிசிலினில் தடிப்பு வந்தது' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், குணமான பிறகு உண்மையிலேயே அலர்ஜி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் வார்டு நர்ஸ் ஒருவர்,
தஞ்சாவூர்