ஏரியிலிருந்து காயலுக்கு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குளிரைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் கொடைக்கானல் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழையால் தள்ளிப்போன இரண்டைத் தவிர மாதக் கூட்டங்கள் முறையாக நடந்தன. சங்கத்தின் துடுப்புப் படகுகளுக்கு வர்ணம் பூசப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே, இவ்வறிக்கையின் பெரும்பகுதியைக் கொல்லத்திலிருந்து ஆலப்புழை வரை நாம் மேற்கொண்ட நீர்வழிப் பயணத்துக்கே ஒதுக்குகிறேன்.

1863-இல் நம் ஏரியை உருவாக்கிய மதுரை ஆட்சியர் லெவிஞ்ச், அதில் விட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார். கடலோரத்துப் படகு மலையேறி வந்த ஊரிலிருந்து நாம் ஒருமுறையாவது இறங்கிக் கடலோர நீரைக் காண வேண்டும் என்பது மூத்த உறுப்பினர்களின் நெடுநாள் விருப்பம். நம் ஏரியை எத்தனை முறை சுற்றினாலும் புறப்பட்ட துறைக்கே திரும்பியாக வேண்டும். வேறு துறையில் போய் இறங்குவது நம்மில் பலருக்கும் இதுவே முதல் முறை.

செங்கோட்டை, புனலூர் வழியாக ரயிலில் கொல்லம் சேர்ந்தோம். கொல்லம்–கோட்டப்புரம் நீர்வழி 1993-இல் மூன்றாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. அதில் ஆலப்புழை வரையுள்ள பகுதியைச் சுற்றுலாப் படகு சுமார் எட்டு மணி நேரத்தில் கடந்துவிடும். நாம் மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். இது வீண்செலவு என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த ஆட்சேபத்தை நான் மறக்கவில்லை.

அஷ்டமுடிக் காயல் கடலோடு கலக்கும் நீண்டகரையில் முதல் நாளின் பாதி கழிந்தது. 1953-இல் நார்வே நாட்டு உதவியோடு மீன்பிடித் திட்டம் தொடங்கப்பட்ட இத்துறைமுகத்தில், விசைப்படகுகள் முகத்துவாரத்தில் நுழைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மழை பெய்தால் ஏறும், கோடையில் இறங்கும் என்ற அளவிலேயே நீர்மட்டத்தை அறிந்த நமக்கு, ஒரே நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும் நீர் பெரும் புதுமையாக இருந்தது.

திருக்குன்னப்புழையில், உப்புநீர் குட்டநாட்டு வயல்களை எட்டாதபடி தடுக்கும் கதவுகளைக் கண்டோம். ஒரு கதவைத் திறந்து படகை உள்ளே விட்டு, அதை மூடி, இருபக்க நீரும் சமமான பிறகே மறு கதவைத் திறக்கிறார்கள். காத்திருந்த நேரத்தில் முணுமுணுத்தவர்களே பின்னர் அதிகம் பேசியதும் இதைப் பற்றித்தான். அடுத்துத் தோட்டப்பள்ளியில், வெள்ளநீரைக் கடலுக்குள் வடிக்க 1955-இல் கட்டி முடித்த மதகுகளையும் பார்த்தோம்.

நாம் சென்ற கெட்டுவள்ளம், பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டும் மரபைச் சேர்ந்தது. முன்பு நெல்லும் சரக்கும் ஏற்றிய வகை. இரவில் மீனவர் வலை விரிப்பதால், மாலையிலேயே கரையோரம் கட்டிவிடுகிறார்கள். அந்த ஓய்வான இரவுகளுக்காகவே மூன்று நாள் தகும் என்பது என் கருத்து. ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும்: குளிர்சாதனம் இரவு முழுதும் ஓடும் என்று வாக்களித்த படகு உரிமையாளர், நள்ளிரவுக்குப் பின் அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார். மலைவாசிகளான நாம் புழுக்கம் தாங்காமல் கொடுத்துவிட்டோம். இனி எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்வோம்.

ஆலப்புழையில், 1862-இல் கட்டிய பழைய கடற்பாலத்தின் எஞ்சிய இரும்புத் தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வரும் ஆண்டு பிச்சாவரம் செல்லலாம் என்று செயற்குழு பரிந்துரைத்துள்ளது. அலையாத்திக் காட்டின் குறுகிய கால்வாய்களில் துடுப்புப் படகே உகந்தது என்பதால், நம்மவர் கைப்பயிற்சி அங்கே பயன்படும். விருப்பமுள்ளவர்கள் இக்கூட்டம் முடிவதற்குள் பொருளாளரிடம் பெயர் கொடுக்கவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதையும் உடன் செலுத்திவிடவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்