எல்லாருக்கும் இருபது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. முருங்கை இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை.

நேற்று நைட் டியூட்டி முடிந்து ஹாஸ்டலுக்குப் போகிற வழியிலேயே போன் பண்ணி அழுதாயே, அப்போது நான் அதிகம் பேசவில்லை. தூக்கம் கெட்டவளுக்குப் புத்தி சொல்வதும் செவிட்டுக் காதில் சங்கு ஊதுவதும் ஒன்றுதான். தூங்கி எழுந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

அந்தப் பாட்டிக்கு மூன்று தடவை குத்தியும் வெயின் கிடைக்கவில்லை. மகன்காரன் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். சரி, கத்தட்டும். எண்பது வயசுக் கையில் ரத்தக்குழாய் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். அடுத்த தடவை கையைக் கொஞ்ச நேரம் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல். வெதுவெதுப்பான துணி சுற்று. தோலைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு போடு. இரண்டு தடவைக்குமேல் குத்தாதே, சீனியரைக் கூப்பிடு. அதில் ஒரு மானக்கேடும் இல்லை. ஊசி கைக்குப் படியாததற்காக வேலையை விடுகிறேன் என்றால், உங்கள் வார்டில் ஒரு நர்ஸும் மிஞ்ச மாட்டார்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து எனக்கு நாலாவது மாசம். மெடிக்கல் வார்டு. நாற்பது கட்டில், தரையில் பாய் போட்டு இன்னும் பத்துப் பேர். ராத்திரிக்கு நானும் ஒரு ஆயாம்மாவும்தான். டெம்பரேச்சர், பல்ஸ், பிபி எல்லாம் ஒழுங்காகப் பார்த்துவிடுவேன். மூச்சை மட்டும் எண்ண மாட்டேன். ஒருத்தர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுக்க நிற்க எங்கே நேரம்? எல்லாருக்கும் 20 என்று எழுதிவிடுவேன். எனக்கு முந்தின டியூட்டிக்காரரும் அதைத்தான் எழுதியிருப்பார். உங்கள் வார்டு சார்ட்டையும் புரட்டிப் பார், எத்தனை 20 வரிசை கட்டி நிற்கிறது என்று.

பன்னிரண்டாம் நம்பர் கட்டிலில் ஒரு கொத்தனார், காய்ச்சல் என்று சேர்ந்தவர். பத்து மணிக்கு 20 போட்டேன். இரண்டு மணிக்கும் 20. நாலு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த சிஸ்டர் அவர் கட்டிலண்டை நின்றார். பல்ஸ் பார்க்கிற மாதிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சில் வைத்து, வாட்ச் முள் ஒரு சுற்று வரும்வரை அசையவில்லை. "முப்பத்தாறு" என்றார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை திட்டவில்லை. டாக்டரை எழுப்பி, ஆக்சிஜன் வைத்து, விடிவதற்குள் ஐசியுவுக்கு மாற்றினோம். நிமோனியா. பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற அன்றைக்கு என்னைத் தேடி வந்து, "ராவெல்லாம் கண்ணு முழிச்சுப் பாத்துக்கிட்டீங்க தாயி" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

நர்ஸிங் காலேஜில் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்த அன்றைக்கு, நர்ஸிங்குக்கு வழிகாட்டிய நைட்டிங்கேல் அம்மையார் படத்துக்கு முன்னால் நீ நின்ற போட்டோவை அப்பா ஊர் முழுக்க அனுப்பினார். எனக்கென்னவோ அந்த அம்மா கையில் இருந்த விளக்கைவிட அவர் போட்ட கணக்குதான் பெரிசு. கிரிமியாப் போர் நடந்த சமயம், 1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியில் ஸ்குடாரி என்ற இடத்தில் இருந்த ஆங்கிலேய ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். போன உடனே சாவு நின்றுவிட்டது என்றுதான் எல்லாரும் மேடையில் பேசுகிறார்கள். நிற்கவில்லை. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு நாற்பதுக்குமேல் செத்தார்கள். மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு வந்து, கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைச் சுத்தம் பண்ணி, காற்றுக்கு வழிவிட்ட பிறகுதான் மளமளவென்று குறைந்தது. ஊர் திரும்பி, வில்லியம் ஃபார் என்கிற புள்ளிவிவரக்காரரோடு உட்கார்ந்து கணக்கைப் பரப்பிப் பார்த்தபோது, காயத்தில் போனவர்களைவிட நோயில் போனவர்கள் பல மடங்கு என்று தெரிந்தது. தன் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது அது. மூடி மறைத்திருக்கலாம். ஊரே கொண்டாடுகிற பெண்ணிடம் யார் கேட்கப்போகிறார்கள்? 1858-ல் அதை வட்டப் படமாகப் போட்டு அச்சடித்துவிட்டார். அந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி எனக்குப் பன்னிரண்டாம் நம்பர் கட்டில்தான் ஞாபகம் வந்தது.

நம் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-லேயே நர்ஸ் பயிற்சி வந்துவிட்டது. வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவும் நர்ஸ் டெலியா ஹௌட்டனும் 1909-ல் நர்ஸிங் ஸ்கூல் தொடங்கினார்கள். நீ வாங்கியிருக்கிற பி.எஸ்ஸி. பட்டம் இந்த நாட்டில் 1946-ல் ஆரம்பித்ததே டெல்லியிலும் அந்த வேலூரிலும்தான். 1909-ல் பெண்ணை அங்கே அனுப்ப எத்தனை வீட்டில் மனசு வந்திருக்கும்? எழுபது வருஷம் கழித்து நான் கிளம்பியபோதே உன் அப்பத்தா, "கண்டவன் மூத்திரம் அள்ளுற வேலைக்கா போற" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் படுக்கையில் கிடந்தபோது என்னைத் தவிர யாரையும் கிட்டே விடவில்லை என்பது வேறு கதை.

ஆனால் என் மனசில் முதல் ஆள் அந்த ரவுண்ட்ஸ் சிஸ்டர்தான். பிபி இறங்குவதற்கு முன்னாலேயே மூச்சு ஏறும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். நீயும் அவர் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டே எண்ணு. எண்ணுகிறாய் என்று தெரிந்தால் நோயாளிகள் மூச்சை மாற்றிவிடுவார்கள். நேரமே இல்லாத ராத்திரியில், அந்தக் கட்டத்தைக் காலியாக விடு. கேட்டால் பார்க்கவில்லை என்று சொல். திட்டு விழும், வாங்கிக்கொள்.

பார்சலில் முறுக்கும் பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன். முறுக்கு டப்பாவுக்குள் என் பழைய எச்எம்டி வாட்ச் இருக்கிறது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும், செகண்ட் முள் நன்றாக ஓடுகிறது. மணிக்கட்டில் கட்டாதே, கை கழுவ இடைஞ்சல். பாக்கெட்டில் போட்டுக்கொள்.

இன்றைக்கு டியூட்டிக்குப் போனதும் அந்தப் பாட்டியிடம் போ. குத்தின இடம் வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் போடு.

அம்மா