குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் சுதந்திர தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. மழைநீர் வாய்க்கால் பருவமழைக்கு முன்பே தூர்வாரப்பட்டது.

ஆண்டின் பெரிய வேலை சங்கக் கட்டடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முன்பக்க ஷீட்டுகளில் உடைசல் இல்லாததால் அவற்றில் கை வைக்கவில்லை. உடையாதவரை, மூச்சில் போனால் கெடுதல் செய்யும் ஆஸ்பெஸ்டாஸ் நார் சிமெண்ட்டுக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கும். பாசி படிந்தாலும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது.

பின்பக்கத்தில் விரிசல் விட்டு ஓரம் உதிர்ந்தவற்றை மட்டும் கழற்றினோம். கழற்றும் முன் இருபுறமும் சோப்புத் தண்ணீரைக் கைத்தெளிப்பானால் தெளித்து நனைத்தோம்; வெறும் தண்ணீர் வழிந்தோடிவிடும், ஊறாது. ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும், துருப்பிடித்த ஜே வடிவ போல்ட்டைத் திருகினால் ஓட்டையோரம் பெயர்ந்து தூள் கொட்டும் என்பதால் போல்ட்டையே கட்டரால் துண்டித்தோம். பழைய ஷீட் ஆள் கனம் தாங்காது. பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். ஷீட்டுகளை எறியாமல் முழுசாக இறக்கி, 200 மைக்ரான் பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதி வைத்தோம். வேலையாட்களுக்கு பி-100 வடிகட்டி (மிக நுண்ணிய தூளையும் தடுக்கும் வகை) பொருத்திய முகக்கவசம் கொடுத்தோம். துணிக் கவசம் இந்த நாரைத் தடுக்காது. தாடி இருந்தால் எந்தக் கவசமும் முகத்தோடு ஒட்டாது. தரையைப் பெருக்கவில்லை, ஈரத்துணியால் துடைத்தோம். அந்தத் துணியும் அதே பொதியில்தான் போனது.

இவ்வளவு பார்த்துச் செய்த அதே தெருவில், ஒரு வீட்டில் ஒப்பந்தக்காரர் கட்டிங் மெஷினை வைத்து ஷீட் அறுத்தார். தூள் தெரு முழுக்கப் பறந்தது. உடைந்த துண்டுகளைச் சாலைப் பள்ளத்தில் கொட்டியிருக்கிறார்கள். வண்டி ஏற ஏற அது மாவாகும். இந்த ஆபத்தைச் சொல்லும் சுற்றறிக்கை எல்லா வீட்டுக்கும் கொடுக்கப்பட்டது. விளக்கக் கூட்டத்துக்கு வந்தவர்களோ மிகச் சிலர். கடையில் விற்கிறார்களே என்று கேட்கிறார்கள். விற்பனைக்குத் தடை இல்லை என்பது உண்மை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று இருமல் இல்லை என்பது எதற்கும் சான்றாகாது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது. இருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா பாக்கி கணிசமாக நிற்கிறது. தலைவருக்கும் செயற்குழுவுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி.

கட்டிய பொதிகள் இன்னும் கட்டடத்தின் பின்னால்தான் இருக்கின்றன. குப்பை வண்டியில் ஏற்றக் கூடாது. அபாயகரக் கழிவைப் புதைக்க அனுமதி பெற்ற நிலத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கான லாரி வாடகை சங்கத்திடம் இல்லை. உறுப்பினர்கள் வீட்டு மாடியிலும் குளியலறை மேலும் உள்ள உடைந்த ஷீட்டுகளையும் சேர்த்தால் ஒரே நடையில் முடியும், செலவும் பகிரும். பெயர் பதியும் நோட்டு அலுவலகத்தில் உள்ளது. சந்தா கட்டி முடித்த வீடுகளின் பொதிகளை முதலில் ஏற்றச் செயற்குழு எண்ணியுள்ளது.

செயலாளர்