இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் ஆறு தலைமுறை விதையும்

உணவு, ஊட்டச்சத்து, வேளாண் ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் புதிய பயிர் இரகங்களை உருவாக்கும் பயிர்ப் பெருக்கத் துறையில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் ஆய்வு செய்பவர். இது என் மூன்றாவது ஒப்பந்தம். முதல் ஒப்பந்தம் முடிந்த அன்று குளிர் அறையில் நானூறு காகித உறைகளை விட்டுவிட்டு வந்தேன். ஒவ்வொன்றின் மேலும் கலப்பு எண், வரிசை எண், செடி எண். எல்லாம் பென்சிலில்தான், ஈரம் பட்டால் பேனா மை கலங்கிவிடும். உள்ளே நான்காம் தலைமுறை விதை. அவற்றை யாராவது விதைத்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கணக்கு எளிதுதான். தன்மகரந்தச் சேர்க்கைப் பயிரில் இரண்டு இரகங்களைக் கலந்தால், கலப்புத்தன்மை தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறையும். ஆறாம் தலைமுறையில்தான் அது 32-இல் ஒரு பங்குக்கு வந்து, ஒரு வரிசையின் செடிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பல வயல்களில், பல பருவங்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையே அதற்குப் பிறகுதான். நீங்கள் தருவதோ இரண்டு ஆண்டு.

வெளிச்ச நேரத்தைக் கூட்டி, கோதுமையை ஓராண்டில் ஆறு தலைமுறை வரை கொண்டுபோகும் முறை வந்துவிட்டதே என்பீர்கள். உண்மைதான், நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் வயலில் வறட்சியைத் தாங்குமா என்று தெரிய, மழை பொய்க்கும் ஒரு பருவம் வாய்க்கவேண்டும். எங்களுக்கு அது அள்ளித்தரும் ஆண்டு. நான் நிரப்பிய நீட்டிப்புப் படிவத்தில் அதற்கு இருந்த ஒரே கட்டம், 'தாமதம்'.

ஊட்டச்சத்துத் துறையிலும் இதே கதைதான். அதிகம் பதப்படுத்திய உணவைச் சாப்பிட்டவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி கூடுதலாக உட்கொண்டார்கள் என்று 2019-இல் வெளிவந்த ஆய்வில், 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்து அளந்தார்கள். இப்படி ஓர் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, ஆள் சேர்ப்பதற்குள் போஸ்ட்டாக்கின் ஒப்பந்தம் கரையத் தொடங்கிவிடும்.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெடில், தன் பண்ணையில் ஜான் லாஸ் 1843-இல் தொடங்கிய பிராட்பாக் கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. அவர் சேர்த்துக்கொண்ட கில்பர்ட், ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கிடம் பயின்று முனைவர் பட்டம் வாங்கிய இளம் வேதியியலாளர். இன்றைய பேச்சில் அவரும் போஸ்ட்டாக்தான். இருவரும் 57 ஆண்டு சேர்ந்து வேலை செய்தார்கள்.

ஐம்பத்தேழெல்லாம் நான் கேட்கவில்லை. வயல் ஆய்வுக்கான ஒப்பந்தத்தை மாதக் கணக்கில் எழுதாமல் பருவக் கணக்கில் எழுதுங்கள். நான்கு பருவமாவது கொடுங்கள். விலகுகிறவர் விதையையும் குறிப்பேட்டையும் அடுத்தவரிடம் ஒப்படைக்க, இருவருக்கும் சேர்த்து மூன்று மாதச் சம்பளம் ஒதுக்குங்கள். கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்த்து அடுத்த வேலையை முடிவு செய்யாதீர்கள். அடுத்தவர் கையில் முளைக்கும் விதைக்கும் மதிப்பெண் வேண்டும்.

என் ஒப்பந்தம் முடியும் நாளில் கதிர்கள் பால் பிடித்திருக்கும். அறுவடைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கும். அதுவரை வயலில் யார் பறவை விரட்டுவது என்று ஆய்வகத்தில் கேட்டேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு போஸ்ட்டாக்