முதலில் புத்தகம், பிறகு தொப்பி: கொழும்பில் பழைய படைத்தொப்பி சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும், அப்புறம் அண்மையில் எங்களோடு சேர்ந்திருக்கும் இரண்டு தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

போன மாதம் நம்மில் ஒருவர் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஓர் உருக்குத் தொப்பி வாங்கினார். 18,000 ரூபாய். பின் விளிம்பில் வரிசையாக மூன்று ஓட்டை. 1942 ஏப்ரலில் யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோது சன்னம் பட்ட ஓட்டைகள் என்று விற்றவர் சொன்னாராம். சன்னம் என்ன அடிமட்டம் வைத்து அளந்தா துளைக்கும்? மூன்றும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. நான் அலுமாரியைத் திறந்து படைத்தொப்பிகள் பற்றிய புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். தென்னாபிரிக்காவில் செய்த மார்க் 2, அதாவது இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானிய வடிவத் தொப்பி. பின் விளிம்பில் மூன்று துளை அங்கே தொழிற்சாலையிலேயே போட்டது. டோர்ச் அடித்து உள்ளே பார்த்தால் 'யூ' எழுத்துக்குள் அம்புக்குறி, அதுவும் தென்னாபிரிக்க அரசின் முத்திரைதான். மனுஷன் முகம் தொங்கிப்போய்விட்டது. உண்மையில் தென்னாபிரிக்கத் தொப்பி ஒன்று கொழும்புவரை வந்து சேர்ந்தது சன்னக் கதையைவிட நல்ல கதை. ஆனால் அதற்காக அவர் 18,000 கொடுக்கவில்லையே.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விளிம்பில் ஓட்டை உள்ள தொப்பியெல்லாம் தென்னாபிரிக்காவும் இல்லை. பிரிட்டனில், சோதனையில் தேறாத தொப்பிகளின் விளிம்பில் துளை போட்டு, படைக்குக் கொடுக்காமல் சிவில் பாதுகாப்புக்காரருக்கு ஒதுக்கினார்கள். எத்தனை துளை, எந்த இடத்தில், உள்ளே என்ன முத்திரை என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை. இதை விற்பவரின் வாயிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது.

சொல்ல வந்தது இவ்வளவுதான்: அடுத்த தொப்பிக்கு ஒதுக்கி வைத்திருக்கும் காசில் முதலில் ஒரு புத்தகம் வாங்குங்கள்.

காந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். புறக்கோட்டையில் ஒரு நானா, நல்ல மனிதர், பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துத் தொப்பியில் 'டக்' என்று ஒட்டிக் காட்டி, "பாருங்க, அசல் இரும்பு" என்றார். அவர் ஏமாற்றவில்லை, அவருக்கும் தெரியாது. பிரித்தானியப் படைக்கான தொப்பிகள் ஹாட்ஃபீல்டு என்றவர் கண்டுபிடித்த மங்கனீசு உருக்கில் செய்தவை. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் மங்கனீசு சேர்ந்த அந்த உருக்கில் காந்தம் ஒட்டாது. 1915இல் வந்த முதல் தொகுதிகளை விட்டால், காந்தம் பிடிக்கிற தொப்பி பெரும்பாலும் சாதாரண இரும்பில் செய்த சிவில் தொப்பிதான். அதாவது அசல் என்பதற்கு அவர் காட்டிய சாட்சி நேர்மாறான சாட்சி. நான் பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

நான் புத்தகக்காரன் ஆனது புத்திசாலித்தனத்தால் இல்லை, பயத்தால். தொண்ணூறுகளில் வெள்ளவத்தையில் ஒரு தமிழ்ப் பொடியன் வீட்டில், சுற்றிவளைப்பு நேரத்தில், இராணுவ ஹெல்மெட் ஒன்று அகப்பட்டால், "சேர், இது 1916ஆம் ஆண்டுத் தொப்பி, பிரோடி என்றவர் வடிவமைத்தது" என்று யாருக்கு விளங்கப்படுத்துவது? அதனால் ஆசை முழுவதும் புத்தகத்தில் போனது. மருதானைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒன்றை, மண்ணிறத் தாளில் உறை போட்டு, மேலே 'உயிரியல்' என்று எழுதி வைத்திருந்தேன். அம்மா அதற்கும் பயந்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். கையில் ஒரு தொப்பியும் இல்லாமல் பதினைந்து வருடத்துக்கு மேல் படம் பார்த்தேன். 2010இல் முதல் தொப்பியைத் தொட்டபோது, அது எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது.

அந்த முதல் தொப்பியே ஒரு பாடம். வெளி ஓடு முதலாம் உலகப் போர்க் காலத்தது, உள்பட்டியும் நாடிப்பட்டியும் இரண்டாம் போர்க் காலத்தவை. கலப்படம் என்று விற்றவரே வெட்கப்பட்டு விலையைக் குறைத்தார். கலப்படம் இல்லை. 1930களின் இறுதியில் பிரித்தானியர் பழைய ஓடுகளை எடுத்து, புது உள்பட்டியும் நாடிப்பட்டிக் கொளுவியும் மாட்டித் திரும்பவும் பாவனைக்கு விட்டார்கள். முதல் வடிவத்தின் பெயரான மார்க் 1க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அதற்குப் பெயரும் வைத்தார்கள். விலை பேசும்போது எனக்கு இது தெரியும், அவருக்குத் தெரியாது. சரி, அந்தப் பாவத்தை நான் சுமக்கிறேன்.

ஆனால் என் நெஞ்சு இன்றும் எரிகிற விஷயம் வேறு. கொட்டாஞ்சேனையில் ஒருவருக்கு அவருடைய தாத்தாவின் தொப்பி கிடைத்தது. போர்க்காலத்தில் தாத்தா விமானத்தாக்குதல் பாதுகாப்புப் பணியில் இருந்தவராம். துரு பிடித்திருக்கிறதே என்று பேரன் மணற்கடுதாசி போட்டுத் தேய்த்து, கறுப்புப் பெயின்ற் அடித்து, கண்ணாடி மாதிரி மினுங்க மினுங்க என்னிடம் கொண்டுவந்தார். முன்னால் ஏதாவது எழுத்து இருந்ததா என்று கேட்டேன். "இரண்டு வீ எழுத்தை ஒட்டி வைத்த மாதிரி வெள்ளையாக என்னவோ இருந்தது, அதையும் சுரண்டிவிட்டேன்" என்றார். பிரிட்டனில் விமானத்தாக்குதல் காப்பாளர்களின் தொப்பியில் வெள்ளை 'டபிள்யூ' எழுதியிருக்கும் படத்தை நான் அவருக்குக் காட்டவில்லை. காட்டி என்ன செய்வது?

சின்னங்களிலும் இதே கதைதான். தொப்பியின் முன்னால் குத்தும் சின்னத்தில் கிரீடம் இருந்தால் அதன் உச்சியைப் பாருங்கள். உருண்டு மேலெழுந்திருந்தால் அரசர் காலம், பழைய சின்னம் என்றால் 1901க்கும் 1952க்கும் இடையில். நடுவில் அமுங்கியிருந்தால் பெரும்பாலும் இரண்டாம் எலிசபெத் காலம். விக்டோரியா காலத்துக் கிரீடமும் அமுங்கியதுதான், அது வேறு வடிவம், படத்தைப் பார்த்துப் பழகவேண்டும். நம்முடைய சிலோன் இராணுவம் 1949 ஒக்டோபர் 10இல் தொடங்கியது, 1972இல் குடியரசானோம். அதனால் சிலோன் சின்னம் ஒன்று கையில் கிடைத்தால் கிரீடத்தை வைத்தே ஓரளவு காலம் சொல்லலாம். வெளிநாட்டு விற்பனைக்காரர் ஒருவர் எனக்கு ஒரு விவரமும் எழுதாமல் 'கே அன்ட் கே' என்று ஓர் எண்ணை மட்டும் அனுப்பினார். கிப்ளிங், கிங் என்ற இருவர் பிரித்தானியப் படைத் தொப்பிச் சின்னங்கள் பற்றி இரண்டு பாகமாக எழுதிய நூலில் சின்னங்களுக்குக் கொடுத்த எண் அது. உலகம் முழுக்க அந்த எண்ணால்தான் பேசிக்கொள்கிறார்கள். புத்தகம் கையில் இல்லாதவனுக்கு அது வெறும் தொலைபேசி இலக்கம்.

போனில் தேடினால் எல்லாம் வருமே என்பீர்கள். வரும். விற்பவர் போட்ட படம்தான் முதலில் வரும், அதைப் பார்த்து இன்னொருவர் எழுதியது இரண்டாவதாக வரும். புத்தகத்திலும் பிழை உண்டு, மறுக்கவில்லை. போலி செய்கிறவனும் அதே புத்தகத்தை வாங்கித்தான் படிக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். என்றாலும் ஓட்டின் உள்முத்திரை, ஆணியின் தலை, விளிம்பு மடிந்த விதம் எல்லாம் பத்துத் தொப்பியில் பக்கம் பக்கமாக எடுத்த படமாக வேறு எங்கே கிடைக்கும்? ஜேர்மன் தொப்பியில் 'ஈ.ரி. 64' என்று இருந்தால் முன்னது தயாரிப்பாளர், பின்னது ஓட்டின் அளவு. அந்த 64ஐ 1964ஆம் ஆண்டு என்று நினைத்து, போலி என்று திருப்பிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். அசல் தொப்பி.

விலை கூட என்பதும் உண்மைதான். நல்ல புத்தகம் ஒன்று, தபால் செலவோடு, ஒரு நடுத்தரத் தொப்பியின் விலைக்கு வந்துவிடும். அதனால் ஒரு யோசனை. ஆளுக்கொன்று, வேறு வேறு தலைப்பில் வாங்குவோம்: ஒருவர் பிரித்தானிய உருக்கு, ஒருவர் ஜேர்மன், ஒருவர் சின்னங்கள், ஒருவர் வெயில் தொப்பி. வெயில் தொப்பி எடுக்கிறவர் நெட்டியையும் கார்க்கையும் பிரித்தறியப் பழகட்டும், ஏனென்றால் இங்கே நெட்டித் தொப்பி என்று விற்பதில் பாதி கார்க். சிலோன் படைப்பிரிவுகளுக்கு என்னிடம் உள்ள தடித்த புத்தகங்களில் சில வரிதான் இருக்கிறது, அதை நாம்தான் எழுதவேண்டியிருக்கும். உங்களிடம் உள்ள சிலோன் சின்னங்களை முன்னும் பின்னும் படம் எடுத்து, அளந்து, எங்கே கிடைத்தது என்று எழுதி வையுங்கள்.

என்னிடம் இருக்கும் பதினொரு புத்தகமும் உங்களுக்குத் திறந்தே இருக்கும், ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தைக்கு வாருங்கள். இரவல் தரமாட்டேன், ஒருமுறை தந்து ஒன்றை இழந்துவிட்டேன். எடுத்துப்போனவர் இந்த மடலையும் வாசிப்பார், அவருக்குத் தெரியும். வரும்போது தொப்பியைத் துடைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். காந்தம் நான் வைத்திருக்கிறேன்.