சிங்கம் பூனையான கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

ராணுவப் பிரிவுகளின் சின்னங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் உருவங்கள் கூடக்கூடச் சின்னத்தின் பொருளும் கூடும் என்று எழுதியிருந்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோளில் தைக்கும் பேட்ச்களை இருபத்தாறு வருடம் எம்பிராய்டரி மெஷினில் போட்டவன் நான்.

ஒருமுறை ஒரு பிரிவிலிருந்து வரைபடம் வந்தது. மலை, ஆறு, சிங்கம், குறுக்கே இரண்டு வாள், மின்னல், கீழே நாடாவில் வாசகம். இத்தனையும் உள்ளங்கையைவிடச் சின்ன இடத்துக்குள். காகிதத்தில் பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் நூலுக்கென்று ஒரு பருமன் இருக்கிறதே! பிடரியில் நாலு தையல் விழுவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. மாதிரியைக் கையில் வாங்கிய அதிகாரி, "என்னய்யா இது, பூனையா?" என்றார்.

பூனை ஒன்றும் கேவலமில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் சண்டையிட்ட 17-வது இந்திய டிவிஷனின் சின்னமே கருப்புப் பூனைதான். ஆனால் அது பூனையாகவே வரையப்பட்ட பூனை. 5-வது இந்திய டிவிஷனுக்கோ கருப்பில் ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். அதற்கே 'நெருப்புப் பந்து' என்று பெயர் வாங்கிவிட்டார்கள்.

அமெரிக்காவின் 29-வது டிவிஷனை 1917-இல் அமைத்தபோது, உள்நாட்டுப் போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற மாநிலங்களின் ஆட்கள் அதில் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அந்தப் போரின் இரண்டு சீருடை நிறங்களான நீலமும் சாம்பலும் ஒரே வட்டத்துக்குள் வளைந்து அணைத்துக் கிடக்கும். இரண்டே நூல்கண்டு!

அமெரிக்காவின் 45-வது டிவிஷனின் சின்னம் முதலில் ஸ்வஸ்திகா. அமெரிக்கப் பழங்குடிகளிடம் இருந்த மங்கலக் குறி என்று வைத்தது. நாஜிக்கள் அதையே கொடியில் ஏற்றிய பிறகு தோளில் சுமக்க முடியுமா? 1939-இல் அந்த இடத்தில் இடிப்பறவை வந்தது; அதுவும் அந்தப் பழங்குடிகளின் புராணப் பறவைதான். சிவப்புச் சதுரத்தையும் மஞ்சள் நிறத்தையும் தொடவில்லை.

அப்புறம், களச் சீருடையில் பளிச்சென்ற நிறம் பெரும்பாலும் கூடாது. அமெரிக்காவின் 1-வது காலாட்படை டிவிஷனுக்குச் சிவப்பு நிறத்தில் '1' என்ற எண்தான் சின்னம்; 'பெரிய சிவப்பு ஒன்று' என்றே பட்டப்பெயர். களச் சீருடையில் அந்தச் சிவப்பு போய், கருப்பு '1' மட்டும் நின்ற காலமும் உண்டு. அதனால்தான் யார் சின்னம் கொண்டுவந்தாலும் முதலில் கருப்பு நூலில் மட்டும் தைத்துக் காட்டுவேன்.

அந்தச் சிங்கத்தைக் கேட்பீர்கள். மலை, ஆறு, மின்னல் மூன்றையும் எடுத்துவிட்டுத் தலையை மட்டும் பெரிதாகத் தைத்தேன். வாசகத்தை எடுக்க மட்டும் அதிகாரி கடைசிவரை சம்மதிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எம்பிராய்டரி தொழிலாளி